இடது காலுக்குக் கேட்ட தாளம்

என் கணவர் தான் நேராக நிற்பதாகவே நம்பினார். அதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. உண்மையில் அவர் உடம்பு இடப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகும். கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது நான் தோளைப் பிடித்து நிமிர்த்தினால், வலது கையை ஊன்றி மறுபடியும் இடப்பக்கமாகவே தன்னைத் தள்ளிக்கொள்வார்.

"என்னைய எதுக்கு அம்மிணி சாய்க்கற? நான் நேராத்தான இருக்கறேன்."

"இல்லீங்க. எடது பக்கமா உழுகப் போறீங்க."

"நீ புடிச்சுத் தள்றதுலதான் உழுகப் போறேன்."

அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பக்கவாதத்தில் மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று மருத்துவர் சொன்னார். கொத்தனார் சுவர் எழுப்பும்போது தொங்கவிடுகிற தூக்குக்குண்டு மாதிரி ஒன்று ஒவ்வொரு உடம்புக்குள்ளும் இருக்கிறதாம். என் கணவருக்கு அது இடம் மாறிவிட்டது. உலகம் மொத்தமும் நேராக நிற்க, அவர் மட்டும் வேறொரு நேரில் நின்றார்.

அவர் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் அந்த வேலையில் வெளிமாநிலத்தில் இருப்பார்கள். என் கணவர் இருபத்திரண்டு வருடம் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும் பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது இரண்டு மாதம் ஊருக்கு வருவார். நான் கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மகளை வளர்த்ததும், வீடு கட்டியதும், மாமனாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அப்படித்தான் வாழ்க்கை. அவர் வந்தால் வீட்டில் விருந்தாளி வந்த மாதிரி இருக்கும். போன பிறகு நான் என் ஒழுங்குக்குத் திரும்பிவிடுவேன்.

அப்படி வந்திருந்த ஒரு மழைக்காலத்துக் காலையில்தான் அது நடந்தது. வலது கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். இடது கையில் டீ டம்ளர். டம்ளர் நழுவி விழுந்தது. சூடான டீ அவருடைய இடது காலிலேயே கொட்டியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. போனைத் தாழ்த்திவிட்டு, "உள்ள ஏதோ டம்ளர் உழுந்த சத்தம் கேக்குது, பாரு" என்றார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. நான் டம்ளரைப் பார்த்தேன். அவர் காலைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தோம். உயிர் தப்பியது. இடது கையும் காலும் வரவில்லை. மாதக்கணக்கில் தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்கள். ஊரிலிருந்து தினம் வந்து போக முடியாது என்பதால் கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்தேன். நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அஸ்தம்பட்டியில் ஒரு சந்துக்குள் இருந்த பிசியோதெரபி கிளினிக்குக்கு அங்கிருந்து ஆட்டோவில் போய் வரலாம்.

கிளினிக்கை நடத்தியது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். நாமக்கல் பக்கத்துக் கிராமம். என்னை அக்கா என்றும் அவரை அண்ணா என்றும் கூப்பிட்டாள். என் கணவருக்கு அவளும் சில நேரம் அம்மிணி, சில நேரம் சாமி. ஆளுயரக் கண்ணாடி ஒன்றின் நடுவில் மேலிருந்து கீழாகச் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருந்தாள். அவரை இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி, "கோட்டையும் உங்களையும் பாருங்கண்ணா, எது சாஞ்சிருக்குது?" என்று கேட்பாள்.

அவர் வெகுநேரம் பார்ப்பார். "நான்தான் சாஞ்சிருக்கறேன். ஆனா எனக்கு அப்படித் தெரியலியே" என்பார். கண்ணுக்குத் தெரிந்தது உடம்புக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. தட்டில் வலது பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "பொரியல் வெக்கலயா?" என்று கேட்பார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். பொரியல் அங்கேயே இருக்கும். அவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயல்வார். இடது கால் அவருக்கு இன்னொருவருடைய சாமான் மாதிரி கீழே கிடந்தது. அதைப் பற்றி அவராக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டு மாதம் போயிற்று. காலில் கொஞ்சம் பலம் வந்திருப்பதாகப் பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் அந்தக் காலில் எடையைப் போட அவர் உடம்பு நம்பவில்லை. வலது காலில் மட்டும் இறுகி நிற்பார், அல்லது இடப்பக்கமாகச் சரிவார். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

ஒருநாள் அந்தப் பெண், "சனிக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கும்மி வெச்சிருக்கறங்க. வந்துருங்க" என்றாள். ஊரில் கும்மிக் குழுவில் சிறு வயதிலிருந்தே ஆடுகிறவளாம். ஞாயிற்றுக்கிழமைகளில் காலில் சலங்கை கட்டிக்கொண்டு எங்கெங்கோ போய் ஆடுவாளாம்.

"ஆடறதுக்கா நாங்க இங்க வந்தோம்?" என்றார் என் கணவர். "நிக்கவே முடியாதவன் எப்படி அம்மிணி ஆடறது?"

"நடக்கறதுன்னா என்னங்கண்ணா? ஒவ்வொரு அடிக்கும் ஒத்தக் கால்ல நிக்கறதுதான். சும்மா நில்லுங்கன்னா பயமா இருக்கும். கும்மியில பாதி நேரம் ஒத்தக் கால்லதான் நிப்போம். யாரும் அதை நெனைக்கறதில்ல. அடுத்த தட்டு எப்பன்னுதான் மனசு போகும்."

சனிக்கிழமை நான்தான் அவரை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

கிளினிக்குக்குப் பின்னால் ஒரு கூடம். முன்பு அங்கே டியூஷன் சென்டர் நடந்ததாம். வாத்தியார் நிற்பதற்காகப் போட்ட அரையடி உயர மரப்பலகை மேடை அப்படியே கிடந்தது. ஆறு பேர் வந்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரு பக்கம் வராது. ஒவ்வொருவர் இடுப்பிலும் அகலமான பெல்ட் கட்டி, கூட வந்தவர் பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்தார்கள். வலது பாதம் ஒரு மிதி, இடது பாதம் ஒரு மிதி, தொடையில் ஒரு தட்டு. இடம் போதாததால் என் கணவருடைய நாற்காலியை மேடை மேல் போட்டிருந்தோம். செருப்பைக் கழற்றச் சொன்னாள். அதே மேடையின் மறு மூலையில் ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. போனில் பதிந்து வைத்திருந்த மேளத்தை அதில் போட்டாள்.

சற்று நேரம் கழித்து என் கணவர் தலையைக் குனிந்தார்.

"பக்கத்துல ஏதாவது மோட்டார் ஓடுதா?"

"இல்லீங்க, மேளந்தான்" என்றேன்.

"மேளம் காதுல கேக்குது. இது கால்ல. எடது கால்ல."

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். மேளத்தை நிறுத்தினாள். "இப்பங்கண்ணா?"

"இல்ல."

அவரைக் கண்ணை மூடச் சொல்லி மறுபடி போட்டாள். "இப்ப கேக்குது" என்றார். நிறுத்தினாள். "போயிருச்சு." நான்கைந்து முறை அவள் மாற்றி மாற்றிச் செய்தாள். அவர் ஒரு முறையும் தவறவில்லை. அந்தக் காலில்தான் சுடு டீ கொட்டியும் தெரியாமல் இருந்தது. அந்தப் பாதத்தைத்தான் பென்சிலால் கீறியும் தெரியவில்லை என்று சொல்லியிருந்தார்.

"தொடறது தெரியாட்டியும் அதிர்றது சிலருக்குத் தெரியுமுங்க" என்றாள் அவள். "எதனாலன்னு கேட்டா எனக்கு முழுசாச் சொல்லத் தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "தொளைக்கற டிரில் பிட்டு செம்மண்ணுல எறங்கறப்ப ஒரு மாதிரி. பாறையைத் தொட்டா ஒரு மாதிரி. பாறைக்குள்ள தண்ணி ஓட்டம் இருந்தா இன்னொரு மாதிரி. வண்டி சத்தத்துல காதுக்கு ஒண்ணும் கேக்காது. கால்லதான் தெரியும். அத்தனை வருசமும் கால்லதான் கேட்டனுங்க."

நோய் வந்த பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். இந்த மனிதர் இத்தனை வருடம் பாதத்தால் பூமியைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பாதி நாட்டில் எத்தனையோ வயல்களில், எத்தனையோ வெயில்களில். எனக்கு அது தெரியாது. நான் கேட்டதும் இல்லை. நான் அவரிடம் போனில் கேட்டதெல்லாம் சாப்பிட்டீங்களா, எப்ப வாரீங்க என்கிற இரண்டு கேள்விகள்தான்.

அதற்குப் பிறகு அவர் முரண்டு பிடிக்கவில்லை. சனிக்கிழமை மதியமே சட்டையை எடுத்து வைக்கச் சொல்வார்.

மூன்றாவது வாரம் எழுந்து நின்று ஆட ஆரம்பித்தார்கள். அந்தப் பெண் இருவர் இருவராகச் சேர்த்தாள். என் கணவருக்கு ஜோடியாக வந்தவர் அம்மாபேட்டைப் பக்கத்து அம்மா ஒருவர். விசைத்தறி வைத்திருக்கும் குடும்பம். அவருக்கு வலது கையும் காலும் வராது. பேச்சும் போய்விட்டது. மிச்சம் இருந்தது "சரி" என்கிற ஒரே சொல். தண்ணீர் வேண்டுமென்றாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி. கோபத்துக்கும் அதுதான். அவருடைய வீட்டுக்காரர் மெலிந்த உடம்பும் சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடியுமாகப் பின்னாலேயே நிற்பார். அந்தச் சொல்லின் ஏற்ற இறக்கத்தை வைத்தே மனைவி சொல்வதையெல்லாம் புரிந்துகொள்வார். "ஃபேன் வேணாங்குது" என்பார். "காலு வலிக்குதாம்" என்பார். தவறாகச் சொன்னால் அந்த அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு "சரி" என்பார். அவர் உடனே திருத்திக்கொள்வார்.

அந்த அம்மாவை என் கணவரின் இடப்பக்கத்தில் நிறுத்தினாள். அவருடைய வராத இடது கையும், அந்த அம்மாவின் வராத வலது கையும் நடுவில் சேர்ந்து தொங்கின. நல்ல கைகள் இரண்டும் வெளிப்பக்கம். நான் இதை மாற்றி யோசித்திருந்தேன். நல்ல பக்கங்கள் சேர்ந்து நின்றால்தானே ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளலாம்?

"அப்படி நின்னா அந்தக் கைக தூங்கியே போயிருமுங்கக்கா" என்றாள் அவள். "அண்ணனுக்கு எடது பக்கம்னு ஒண்ணு இருக்குறது ஞாபகம் வரோணும். அங்க ஒரு ஆளு நின்னா ஞாபகம் வராம போகாது."

ஆட்டம் எளியதுதான். வலப்பக்கம் ஓர் அடி, இடப்பக்கம் ஓர் அடி, முழங்காலை மடித்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. அந்தத் தட்டை நடுவில் இருக்கும் இரண்டு கைகளும் சேர்ந்து போட வேண்டும். முதலில் அதைத் தட்டு என்றே சொல்ல முடியாது. அவர் கை தோளிலிருந்து கனமாகத் தொங்கியது. அந்த அம்மாவின் விரல்கள் இறுக மூடிக்கிடந்தன. தாளம் வரும்போது இரண்டும் ஒன்றையொன்று உரசிவிட்டுப் போகும். என் கணவர் வழக்கம்போல இடப்பக்கத்தை மறந்து வலப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்பார். உடனே அந்த அம்மா அதட்டுகிற குரலில் "சரி" என்பார். அவர் தலை இடப்பக்கம் திரும்பும். நான் இரண்டு மாதமாக "இந்தப் பக்கம் பாருங்க" என்று கெஞ்சியும் திரும்பாத தலை அது.

எனக்குக் கொஞ்சம் வலித்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். முப்பது நாளுக்கு முன் யாரென்றே தெரியாத ஒருவரின் கை என் கணவர் கையைத் தொடுகிறது, அவர் சிரிக்கிறார், நான் பின்னால் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். என் பக்கத்தில் அந்த அம்மாவின் வீட்டுக்காரரும் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருமுறை அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா பண்றது" என்றார் மெதுவாக. "முப்பத்தாறு வருசமா என்கூட ஒருநாளும் ஆடுனது கெடயாது."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த வலி கொஞ்சம் குறைந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை என்று நினைக்கிறேன். மேளம் கொஞ்சம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் அடி வைக்க வேண்டிய இடத்தில் என் கணவருடைய இடது கால் மடங்கியது. அவர் சரிந்தார். அதே தட்டுக்கு அந்த அம்மா தன் வலது காலில் வந்து நின்றிருந்தார், அதுவும் தாங்கவில்லை. நான் பெல்ட்டை இழுத்தேன். என் கை வியர்த்திருந்தது, பிடி வழுக்கிவிட்டது. பக்கத்தில் அவர் வீட்டுக்காரர் "ஐயோ" என்றது காதில் விழுந்தது.

இருவரும் விழவில்லை. என் கணவர் தன் இடப்பக்கமாகச் சாய்ந்தார். அந்த அம்மா தன் வலப்பக்கமாகச் சாய்ந்தார். இரண்டு தோள்களும் நடுவில் முட்டி நின்றன. அறுத்து எதிரெதிரே சாய்த்து வைத்த இரண்டு சோளத்தட்டைக் கட்டுகள் மாதிரி. ஓடி வந்த அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டே ஓரடி தள்ளி நின்றாள். தொடவில்லை. மேளம் அடித்துக்கொண்டிருந்தது. மடங்கிய கால் மெதுவாக, மிக மெதுவாக நிமிர்வதை நான் பார்த்தேன். தொடையில் சதை நடுங்கியது. அந்த அம்மாவின் காலும் நடுங்கிக்கொண்டே நிமிர்ந்தது. ஒருவர் எழும் அளவுக்கு மற்றவர் எழுந்தார். ஒருவர் அவசரப்பட்டிருந்தாலும் இன்னொருவர் விழுந்திருப்பார். இருவருக்கும் அது தெரிந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? இருவரில் ஒருவருக்குப் பேச்சில்லை. இன்னொருவருக்கு அந்தப் பக்கமே இல்லை.

முழுவதும் நிமிர்ந்ததும் அடுத்த தட்டுக்கு இரண்டு கைகளும் எழுந்தன. இம்முறை சத்தம் கேட்டது. சின்ன சத்தம்தான். ஈரத்துணியை உதறினாற்போல.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்கா முதல்லருந்து" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்த பிறகு அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். நேராக உட்கார்ந்திருந்தார். நானாக எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயந்து, ஒரு குழந்தை தூங்குவதைப் பார்ப்பதுபோல நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழெட்டு நிமிடம் இருக்கும். பிறகு மறுபடி சாய்ந்தது. ஆனால் இம்முறை அவருக்கே தெரிந்து, வலப்பக்கம் தன்னை இழுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா வரவில்லை. காய்ச்சல் என்று அவர் வீட்டுக்காரர் போனில் சொன்னார். "அக்கா, இன்னைக்கு நீங்க நில்லுங்க. பெல்ட்ட நான் புடிச்சுக்கறேன்" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பள்ளிக்கூடத்து விழாவில்கூட ஆடியதில்லை. நான்கு பேர் பார்க்கக் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதுகூட எங்கள் கல்யாணத்தன்று மட்டும்தான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருடைய இடப்பக்கம் போய் நின்றேன். அடிகள் எனக்கு மனப்பாடம். ஐந்து வாரமாகப் பின்னால் நின்று பார்த்தவள். மேளம் தொடங்கியது.

ஒன்றும் சரியாக வரவில்லை. இரண்டாவது தட்டிலேயே அவர் வலது காலில் இறுகி நின்றுவிட்டார். நான் அவர் கையை இழுத்துத் தட்டினேன். அவர் இன்னும் இறுகினார். மூன்று முறை ஆரம்பித்தோம். மூன்று முறையும் நின்றோம்.

"என்னங்க ஆச்சு? போன வாரம் நல்லா வந்துச்சே."

"நீ நேரா நிக்கற" என்றார்.

"நேரா நின்னாத்தானுங்க உங்களைப் புடிக்க முடியும்?"

"அதான். நீ புடிக்கத்தான் நிக்கற. அவங்க புடிக்கறதில்ல. அவங்களே உழுகற மாதிரிதான் நிப்பாங்க. அப்ப என்ற காலு தானா ஊனிக்குது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார், "உன்ற வெயிட்டக் கொஞ்சம் என்ற மேல குடு அம்மிணி."

நான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பெல்ட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தலையை அசைத்தாள்.

சொல்வதற்கு எளிது. எனக்குத்தான் எப்படிச் செய்வதென்று தெரியவில்லை. யார் மேலும் சாய்ந்து எனக்குப் பழக்கமில்லை. சாய்வதற்கு ஆள் பக்கத்தில் இருந்ததில்லை. இப்போது இருக்கிறார், ஆனால் கால் வராத மனிதர். முதலில் தோளை மட்டும் ஒட்டவைத்தேன். "அது ஒட்டறது. சாயறதில்ல" என்றார். மறுபடி மேளம். வலப்பக்கம் ஓர் அடி. இடப்பக்கம் ஓர் அடி. முழங்காலை மடிக்கும்போது என் இடது காலைத் தரையிலிருந்து கொஞ்சம் எடுத்துவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். என் உடம்பு அவர் மேல் போயிற்று.

அந்த நொடியில் எனக்கு வந்த பயத்தை இப்போதும் சொல்ல முடியும். இருவரும் சேர்ந்து விழப்போகிறோம் என்றே நினைத்தேன். பிறகு அவர் தோளுக்குக் கீழே, விலாவுக்கும் இடுப்புக்கும் கீழே, எங்கேயோ ஆழத்தில் ஒன்று ஊன்றிக்கொண்டதை உணர்ந்தேன். மாதக்கணக்கில் நான் எண்ணெய் தேய்த்த கால் அது. நானே தூக்கித் தூக்கி வைத்த கால். அது நடுங்கியது, ஆனால் தாங்கியது. தன் உடம்பை மட்டுமல்ல, என்னையும் சேர்த்து. என் கையில் அவர் கை வந்து பட்டது. "நிமிரு" என்றார். நிமிர்ந்தோம். அடுத்த அடி. அடுத்த தட்டு.

எத்தனை நேரம் ஆடினோம் என்று தெரியவில்லை. மேளம் நின்ற பிறகும் நான் தோளை எடுக்கவில்லை. அவரும் நகரவில்லை. அந்தப் பெண் அவசரப்படாமல் நாற்காலியைக் கொண்டுவந்து பின்னால் போட்டாள்.

"அக்கா, உக்காருங்க" என்றாள். நாற்காலியை எனக்காகத்தான் கொண்டுவந்திருந்தாள்.

கை கால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அவருடைய இடது கை இன்றும் சட்டைப் பொத்தானைப் போடாது. நடக்கும்போது பாதம் லேசாகத் தரையை உரசும், வெளியே போனால் தடி வேண்டும். ரிக் வண்டிக்கு அவர் திரும்பவில்லை. உடன் வேலை பார்த்தவர்கள் போன் செய்தால் வெளியில் போய் நின்று பேசிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். நடனம் என்ன செய்தது, தினசரிப் பயிற்சி என்ன செய்தது, நாளாக ஆக உடம்பே என்ன செய்துகொண்டது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்று அந்தப் பெண்ணே சொன்னாள். "எல்லாஞ் சேந்துதாங்கக்கா. ஆனா நிக்கறதுக்குப் பயம் போனது கும்மியிலதான்" என்றாள். ஆடிய ஆறு பேரில் ஒருவர் இரண்டு வாரத்தோடு நின்றுவிட்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை. அதையும் அவள் சொன்னாள்.

ஆனால் ஒருநாள் காலையில் குளித்துவிட்டு அவர் நின்றபடியே லுங்கி கட்டினார். அதைச் சொல்ல வேண்டும். ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, மறுமுனையை வலது கையால் இழுத்து மடித்து, இடது மணிக்கட்டால் இடுப்பில் அழுத்திப் பிடித்துச் செருகினார். சுவரில் சாயவில்லை. என்னைக் கூப்பிடவில்லை. நான் துவைத்த துணியோடு வாசலில் நின்று பார்த்தேன். அந்த ஒரு நிமிடத்துக்குள் அவர் உடம்பு எத்தனை முறை இப்படியும் அப்படியும் போய்த் தன்னைத் திருத்திக்கொண்டது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தினமும் நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். விழாமல் நிற்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த அம்மா காய்ச்சல் குணமாகி மறுவாரமே வந்துவிட்டார். அதன் பிறகு நானும் அவர் வீட்டுக்காரரும் சில வாரம் பெல்ட்டை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்று ஆடினோம். நால்வரும் ஒரே வரிசை. அந்த வீட்டுக்காரருக்குத் தாளமே வராது. அவர் தப்பாக மிதிக்கும்போதெல்லாம் அந்த அம்மா "சரி" என்பார். அதில் சிரிப்பு இருக்கும். எங்கள் கடைசி சனிக்கிழமையன்று விடைபெறும்போது அந்த அம்மா என் கணவருடைய இடது கையைத் தன் வலது கையால் தேடிப் பிடித்தார். விரல்கள் முழுக்க விரியவில்லை. வாயைத் திறந்து எதையோ தேடினார், வெகுநேரம் தேடினார். "போ... போய்ட்டு" என்றார். அவர் வீட்டுக்காரர் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"வாரனுங்க" என்றார் என் கணவர்.

ஊருக்குத் திரும்பிய நாளில் சாமானையெல்லாம் ஒரு வேனில் அனுப்பிவிட்டு நாங்கள் பஸ்ஸில் போனோம். அவர்தான் பஸ்ஸில் போகலாம் என்றார். எனக்கு மனசில்லை. சேலத்தில் ஏறும்போது உட்கார இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நான் அவரை அங்கே உட்கார வைக்கப் பார்த்தேன். அவர் தடியை என்னிடம் கொடுத்தார்.

"நீ உக்காரு."

"நீங்க எப்படி நிப்பீங்க?"

"நின்னு பாக்கறேன்."

தடியைப் பார்த்துவிட்டு ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள். "வேண்டாம் சாமி, நீ உக்காரு" என்றார் அவளிடம். வலது கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பாதங்களையும் கொஞ்சம் அகட்டி வைத்தார். பஸ் கிளம்பியது. நான் தடியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய இடது முழங்காலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு பாலத்தின் வளைவில் ஓட்டுநர் வண்டியை ஒடித்தபோது கூட்டம் மொத்தமும் இடப்பக்கமாகச் சரிந்தது. அவரும் சரிந்தார். அந்த முழங்கால் லேசாக மடங்கி, ஒரு நொடி அப்படியே இருந்து, நிமிர்ந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கால் என்ன செய்தது என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

வழியில் உட்கார இடம் எத்தனையோ காலியாயிற்று. சங்ககிரி தாண்டி, ஊர் நெருங்கிய பிறகுதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.